ஒழுகாத தொட்டிகள்

காய்ச்சிய இரும்புக் கம்பியைக் கிழிந்த துணியால் பிடித்துக்கொண்டு கூரா சமையலறையிலிருந்து பின்முற்றத்துக்கு ஓடினாள். கம்பியின் நுனி இன்னும் சிவப்பாக இருந்தது. குரோட்டன் செடி நின்ற தொட்டி ஒன்றைப் புல்லில் சாய்த்து, அதன் அடிப்பாகத்தின் நடுவில் ஓங்கிக் குத்தினாள்.

சுர்ரென்று புகை கிளம்பியது. பசை கருகும் நாற்றம். கம்பியை உருவியதும் உள்ளே தேங்கியிருந்த கறுத்த தண்ணீர் அவள் பாதத்தில் கொட்டியது.

இன்னும் ஒரு வரிசையே மிச்சம் இருந்தது. எல்லாவற்றிலும் இரவு பெய்த மழை விளிம்பு வரை நின்றது. செடிகள் கழுத்தளவு தண்ணீரில் திணறின.

சாலையில் கமிட்டியின் வண்டி நெருங்கிக்கொண்டிருந்தது. எந்த நாய் குரைக்கிறது என்பதை வைத்தே கமிட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று அரோராங்கி கிராமத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள். இப்போது குரைத்தது ரொட்டிக் கடைக்காரர் வீட்டு நாய்.

இன்று துதாகா. ஊர்க் கமிட்டியும் சுகாதார அதிகாரியும் வீடு வீடாக ஏறி இறங்கி, முற்றம், கழிவறை, பன்றிக் கொட்டில், கூரைத் தகரம் என்று ஒன்று விடாமல் பார்க்கும் நாள். எல்லாம் திருப்தியாக இருந்தால் வாசலில் ஒரு வெள்ளைக் கொடியை நட்டுவிட்டுப் போவார்கள். எங்காவது தண்ணீர் தேங்கி, அதில் கொசுப்புழு இருந்தால் கொடி கிடையாது.

கூராவின் மாமியார் உயிரோடு இருந்தவரை இந்த வீட்டு வாசலில் கொடி இல்லாத வருஷம் இல்லை. அவர் போய், வீடு கூராவின் கைக்கு வந்த முதல் வருஷமே கொடி வரவில்லை. கடல் கடந்து ஆக்லாந்து நகரத்தில் இருக்கும் நாத்தனார் துவாயினேவின் காதுக்கு அந்தச் செய்தி அன்றைக்கே போய்விட்டது.

அம்மாவுக்குப் பிறகு இந்த வீட்டைப் பற்றிய கடைசிச் சொல் மூத்தவளான துவாயினேவுடையது. சென்ற வாரத் தொடக்கத்தில் விமானத்தில் வந்து இறங்கியவள், கழுத்தில் போட்ட பூமாலை வாடுவதற்குள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். ஆக்லாந்து அம்மா ஒருத்தி நெடுநாள் தங்குவதற்குக் கடலோர வீடு தேடுகிறாளாம். நல்ல மனுஷியாம். வாடகையும் ஒழுங்காகத் தருவாளாம். இந்த வருஷம் கொடி வந்தால் தம்பியும் தம்பி மனைவியும் இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் சாவி அந்த அம்மாவுக்கு.

சாவி போனால் கூராவும் அவள் கணவன் தெரேயும் அவள் அண்ணன் வீட்டுப் பின்னறையில் ஒண்ட வேண்டியதுதான். அந்த அறையில் அண்ணன் படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கிறான்.

அதற்குத்தான் இந்தத் தொட்டிகள். மாமியார் ஆசையாக வைத்திருந்த மண்தொட்டிகளைப் போன புயல் தூள்தூளாக்கிவிட்டது. கப்பலில் வரும் புதுத் தொட்டிகளின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். கூரா அவாருவா டவுனில் இருக்கும் மலிவுச் சாமான் கடைக்குப் போய் பிளாஸ்டிக் வாளி, சாலட் கிண்ணம், வடிதட்டு, கயிறு, எதற்கும் உதவாத மெல்லிசுக் குளியல் துண்டுகள் என்று வாரிக்கொண்டு வந்தாள்.

சிமென்டைக் கஞ்சிப் பதத்தில் கரைத்தாள். துண்டை அதில் முக்கி எடுத்து, கவிழ்த்த வாளியின் மேல் போர்த்தினாள். மடிப்பு மடிப்பாக அது தொங்கி இறுகியதும் நிமிர்த்தினால், பாவாடை சுழலும் நேரத்தில் யாரோ அப்படியே நிறுத்திவைத்த மாதிரி ஒரு தொட்டி. இரண்டு கிண்ணங்களை அடியோடு அடி ஒட்டிக் கயிறு சுற்றினால், உயரமான கால் வைத்த கோப்பை. வடிதட்டைச் சங்கிலியில் தொங்கவிட்டால் அதில் ஃபெர்ன் செடி. விரல் நுனியெல்லாம் சிமென்ட் அரித்துத் தோல் உரிந்தது. அவள் பொருட்படுத்தவில்லை.

ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் மறக்காமல் ஓட்டை போட்டிருந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஓட்டைகள் எங்கே போயின என்பதுதான் விடிந்ததிலிருந்து அவளுக்குப் புரியவில்லை.

பதில் மீன் கூடையோடு பின்வாசல் வழியாக வந்தது.

தெரே விடிவதற்கு முன்பே கடலுக்குப் போனவன். மனைவி கம்பியும் கையுமாக நிற்பதையும், சாய்ந்து கிடக்கும் தொட்டியையும் பார்த்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது.

"ஏன் கூரா குத்தறே? அக்கா வர்றதுக்கு முந்தின நாள்தானே எல்லாத்தையும் அடைச்சேன்."

கூரா மெல்ல நிமிர்ந்தாள். "எதை அடைச்சே?"

"ஓட்டைய. நீ சர்ச்சுக்குப் பாட்டு ஒத்திகைக்குப் போயிருந்தே. சும்மா எடுத்துப் பார்த்தா, ஒண்ணு விடாம அடியில ஓட்டை. பாவம், இவ்வளவு பாடுபட்டு இதைக் கவனிக்காம விட்டுட்டாளேன்னு படகுக்குப் பூசற பசைய வெச்சு அடைச்சேன். மண்ணும் நானே போட்டேன். சொன்னா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் சொல்லல."

கூரா கம்பியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். இரண்டையும் சேர்த்து ஒரு கணம் யோசித்தாள்.

"செடித் தொட்டிக்கு ஓட்டை வேணும் தெரே. தண்ணி வெளிய போகணும்."

"போகணுமா?"

அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். அவன் அப்பா படகு கட்டினவர், அவரைப் பெற்றவரும் படகு கட்டினவர். அடியில் ஓட்டை என்றால் அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"வடிதட்டுல ஃபெர்ன் தொங்குதே, அதையும் அடைச்சியா?"

"அதுல ஓட்டை ரொம்ப ஜாஸ்தி," என்றான் தெரே. "பசை தீர்ந்துபோச்சு."

கூராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க நேரமில்லை. இன்னொரு கம்பியை அவன் கையில் திணித்து அடுப்படிக்குத் துரத்தினாள். ஒரு கம்பி காயும்போது இன்னொரு கம்பி குத்தியது. கடல் தண்ணீரில் வருஷக்கணக்கில் ஊறினாலும் விடாத பசை அது. ஒவ்வொரு தொட்டியும் ஒரு சண்டை போட்டுத்தான் வழிவிட்டது. கொட்டின மண்ணைக் கிளற வந்த கோழிகளைத் தெரே காலால் விரட்டிக்கொண்டே ஓடினான்.

முன் வராந்தாவிலிருந்து துவாயினேவின் குரல் வந்தது. என்ன தீயுற வாடை என்று கேட்டாள். மீன் தோல் என்று தெரே பதில் சொன்னான். பச்சை மீனுக்கு ஏது தீயுற வாடை என்று அடுத்த கேள்வி வந்தது. அவன் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

வரிசை முடிந்தது. தொட்டிகள் பவழக்கல் பாதையின் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்தன. அப்போதுதான் கூராவுக்கு ஞாபகம் வந்தது. ஒன்று பாக்கி. எல்லாவற்றிலும் பெரியது.

வாசலுக்கு இடப்பக்கம், ஊர் வழக்கப்படி வீட்டு முற்றத்திலேயே, தகரக் கூரைக்குக் கீழே மாமியாரின் கல்லறை. துவாயினே வந்த அன்றே அந்தப் பெரிய துண்டுத் தொட்டியைத் தானே எடுத்துப்போய் அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டாள். அந்த ஒன்றில் மட்டும் தெரே இன்னும் மண் போட்டிருக்கவில்லை. நர்சரியில் வாங்கிய தியாரே பூச்செடியை அதன் பிளாஸ்டிக் சட்டியோடு அப்படியே உள்ளே இறக்கினாள். தினமும் காலையில் அவளே தண்ணீர் ஊற்றினாள். அம்மா பக்கத்தில் தான் வைத்ததை வேறு யாரும் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தாள்.

உத்தரவாவது ஒன்றாவது என்று கூரா கம்பியோடு கல்லறைப் பக்கம் திரும்பினாள்.

அவர்கள் வீட்டு நாய் குரைத்தது.

வண்டியிலிருந்து முதலில் இறங்கியது ஒரு தொப்பி. ஓலை நாரில் பின்னிய, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வெளியே வரும் தொப்பி. அதற்குக் கீழே மகளிர் சங்கத் தலைவி அகாயிதி இருந்தாள். பின்னாலேயே சுகாதார அதிகாரி தமாதோவா, நெட்டையாக, கையில் நீளப் பிடி வைத்த வெள்ளை அகப்பையோடு இறங்கினான். தேங்கின தண்ணீரை மொண்டு பார்க்கிற அகப்பை அது. வண்டியின் பின்பக்கத்தில் வெள்ளைக் கொடிகள் கட்டாகக் கிடந்தன.

"கியா ஒரானா" என்று வரவேற்று, தெரே இளநீர் சீவப் போனான். கூரா கம்பியைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அது இன்னும் சுட்டது.

தமாதோவா பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். கழிவறை சுத்தம். பன்றிக் கொட்டிலில் ஈ இல்லை. கூரைத் தகரத்தில் இலை அடைக்கவில்லை. அவன் தலையாட்டத் தலையாட்ட கூராவின் நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

முன்பக்கம் வந்ததும் அகாயிதி நின்றுவிட்டாள். பாதையோரத் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு மடிப்பைத் தொட்டுத் தடவினாள். கயிறு சுற்றிய கோப்பையைச் சுற்றி வந்தாள்.

"இதெல்லாம் எங்க வாங்கினீங்க? நம்ம தீவுல இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே."

கூரா வாயைத் திறப்பதற்குள் வராந்தாவிலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஆக்லாந்துல," என்றாள் துவாயினே. "நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கிக் கப்பல்ல போட்டு அனுப்பினேன்."

இளநீரோடு வந்த தெரே வாயைத் திறந்தான். கூரா அவன் காலை மிதித்தாள். அவளுக்கு உள்ளே கொதித்தது உண்மைதான். ஆனால் கொடி வண்டியில் இருக்கிறது. கொடி வாசலுக்கு வரட்டும். பெயரை நாத்தனாரே எடுத்துக்கொண்டு ஆக்லாந்துக்குப் போகட்டும். தோல் உரிந்த விரல்களை மடக்கிக்கொண்டு அவள் சிரித்த முகமாக நின்றாள்.

துவாயினே விடுவதாக இல்லை. எந்தக் கடை, எந்தத் தெரு, பெட்டிக்குள் உடையாமல் இருக்க எப்படி வைக்கோல் வைத்தார்கள் என்பது வரை சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். அகாயிதி கேட்கக் கேட்க வைக்கோல் கூடிக்கொண்டே போனது.

அந்த நேரத்தில் தமாதோவா கல்லறைப் பக்கம் போயிருந்தான். தியாரே செடியைச் சட்டியோடு தூக்கிக் கீழே வைத்தான். அகப்பையைப் பெரிய தொட்டிக்குள் விட்டு மொண்டு, வெயிலில் பிடித்தான்.

வெள்ளை அகப்பையில் கறுப்பாகப் பொடிப் பொடியாக என்னவோ நெளிந்தது. ஒன்று இரண்டல்ல. கொத்தாக.

"இந்தத் தொட்டி யாரோடது?" என்றான்.

வைக்கோல் கதை பாதியில் நின்றது.

அகாயிதி மெல்லத் திரும்பினாள். "நீ அனுப்பினதுன்னுதானே சொன்னே துவாயினே?"

 துவாயினேவின் கழுத்தில் சிவப்பு ஏறிக் காது வரை போவதைக் கூரா பார்த்தாள். கூரா ஆமாம் என்று தலையாட்டினால் போதும். கொசு வளர்த்தது துவாயினே என்று ஊரே சொல்லும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு தொப்பி விடாமல் திரும்பிப் பார்க்கும். கொடியைக் கெடுத்தவள் நீ, எங்களிடம் எப்படிச் சாவி கேட்பாய் என்று நிமிர்ந்து நிற்கலாம். இப்படி ஒரு வாய்ப்பு இனி எந்த ஜென்மத்திலும் கிடைக்காது.

நாத்தனாரின் கை தன் பாவாடைத் துணியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி அனுப்பினது துண்டுங்க," என்றாள் கூரா. "அதைத் தொட்டியாக்கினது நான். இங்க இருக்கிற எல்லாமே நான் செஞ்சது. இதுக்கு ஓட்டை இல்லாம விட்டதும் நான்தான்."

அகாயிதி அவளையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "துண்டா இது?"

கூரா ஒரு தொட்டியைச் சாய்த்துக் காட்டினாள். வாளி, சிமென்ட், கவிழ்ப்பது, நிமிர்த்துவது எல்லாவற்றையும் சொன்னாள். அகாயிதி மடிப்புக்குள் விரலை விட்டு, துண்டின் ஓரத் தையல் தட்டுப்பட்டதும் அடடா என்றாள். அப்புறம் தெரேயால் பொறுக்க முடியவில்லை. குற்றம் அவள் மேல் இல்லை, ஓட்டையை அடைத்தது நான்தான் என்று இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். படகுப் பசை என்றும் சேர்த்துச் சொன்னான். உசத்திப் பசை என்றும் சொன்னான்.

அகாயிதி சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. தமாதோவா சிரிப்பை அடக்கப் பார்த்து, அகப்பையில் இருந்ததைச் சட்டைமேல் கொட்டிக்கொண்டான்.

ஆனால் சட்டம் சட்டம்தான். புழு நெளிந்ததைப் பார்த்துவிட்டுக் கொடி நட முடியாது என்றான் தமாதோவா. நிஜமாகவே வருத்தப்பட்டான். கொடி வண்டியிலேயே இருந்துவிட்டது.

ஏறி உட்கார்ந்த அகாயிதி ஜன்னல் வழியாகக் கூராவைக் கூப்பிட்டாள். வியாழக்கிழமை மகளிர் சங்கக் கூடத்துக்கு வந்து எல்லோருக்கும் இந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டும், வாளியும் துண்டும் அவரவர் கொண்டுவருவார்கள் என்றாள்.

"உன் புருஷனை மட்டும் கூட்டிட்டு வராதே," என்றாள். வண்டி நகர்ந்தது.

அடுத்த வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. தெரே யார் முகத்தையும் பார்க்காமல் மீன் சுத்தம் செய்யப் போனான்.

வாசலில் கொடி நட வேண்டிய இடம் காலியாக இருந்தது. கூரா பெரிய தொட்டியின் தண்ணீரைப் புல்லில் கவிழ்த்தாள். கம்பி ஆறிப்போயிருந்தது. அவசரம் ஒன்றும் இல்லை இனி.

"அந்த அம்மா எப்ப வர்றாங்கன்னு சொல்லுங்க அண்ணி. அதுக்குள்ள காலி பண்ணிடறோம். தொட்டிங்களை மட்டும் நான் எடுத்துக்கறேன்."

துவாயினே கல்லறைத் திட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பத்து நாளில் அவள் எதற்கும் இப்படி உட்கார்ந்ததில்லை.

"துண்டு நான் அனுப்பலையே. எதுக்கு அப்படிச் சொன்னே?"

"நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. அங்கயும் நம்ம ஆளுங்கதான், நம்ம சர்ச்சுதான். நீங்க போய் இறங்கறதுக்கு முன்னாடி பேச்சு போய் இறங்கியிருக்கும்."

துவாயினே தியாரே செடியின் ஒரு இலையைத் துடைத்தாள். துடைத்த இலையையே மறுபடி துடைத்தாள்.

"இதுல தண்ணி நிக்குதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

சரியாகக் காதில் விழவில்லையோ என்று முதலில் கூராவுக்குத் தோன்றியது.

"நாலாம் நாளே பார்த்தேன். கொட்டியிருக்கலாம். கொட்டல. மேல மேல ஊத்தினேன். கொடி வரக் கூடாதுன்னுதான்."

"அப்புறம் எதுக்கு எல்லாத்தையும் நான்தான் வாங்கினேன்னு சொன்னீங்க?"

"அகாயிதி புகழ்ந்தாளா, வாய் முந்திக்கிச்சு. தண்ணி நினைப்பே வரல." சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒன்று அவள் முகத்தில் வந்து போனது.

கூரா கம்பியைப் புல்லில் எறிந்தாள்.  விரல்களை விரித்து நாத்தனாரின் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"இந்த விரலைப் பாருங்க அண்ணி. இந்த வீட்டுல இருக்கணும்னு நான் பட்ட பாடு இது. கூடப் பிறந்த தம்பிய வெளிய அனுப்பற அளவுக்கு, யாரோ ஒரு ஆக்லாந்து அம்மா தர்ற வாடகை உங்களுக்குப் பெரிசாப் போச்சா?"

"வாடகை இல்ல கூரா." துவாயினே அந்த விரல்களைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குரல் மீன் கழுவும் தம்பி வரை போய்விடக் கூடாது என்று தாழ்த்திக்கொண்டாள். "தம்பி பொண்டாட்டிகிட்ட போய், எனக்கு அங்க இருக்க இடமில்ல, ஒரு ரூம் குடுன்னு கேக்க எனக்கு வாய் வரல. அதான் ஊர் பேர் தெரியாத ஒருத்தி வர்றான்னு சொன்னேன். அந்த ஆக்லாந்து அம்மா நான்தான்."